தொழிலாளர் உரிமைக்குப் போராடியவர் முதலாளிகளின் ஒற்றரான கதை: ஆலன் பிங்கர்டன்

உயர் பதவிக்கு ஒருவரை அமர்த்துமுன் அவரது பின்னணியை விசாரிப்பது, கையாடல் நடந்த கிளைக்கு ஆளனுப்பி உண்மையை அறிவது போன்ற பணிகளைப் பெருநிறுவனங்கள் இன்று தனியார் துப்பறிவாளர்களிடம் ஒப்படைக்கின்றன. இதனை அமெரிக்காவில் ஒரு தொழிலாகவே நிலைநிறுத்தியவர் ஆலன் பிங்கர்டன்.

1819 ஆகஸ்ட் 25 அன்று ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், கோர்பல்ஸ் என்னும் பகுதியில் அவர் பிறந்தார். பீப்பாய் செய்யும் தொழிலைக் கற்ற அவர், உழைக்கும் ஆண்களுக்கு வாக்குரிமை கோரிய சார்ட்டிஸ்ட் இயக்கத்தில் தீவிரமாக ஈடுபட்டார். 1842இல் மனைவியுடன் அமெரிக்கா சென்று, பின்னர் சிகாகோவுக்கு அப்பாலுள்ள டண்டீ என்ற சிற்றூரில் பட்டறை அமைத்தார்.

பீப்பாய்க்கு மரம் வெட்டுவதற்காக ஆற்றின் நடுவிலிருந்த தீவு ஒன்றுக்குச் சென்றபோது, அங்கு யாரோ தீ மூட்டித் தங்கிச் சென்ற தடயத்தைக் கண்டார். ஐயம் கொண்டு கண்காணித்ததில் கள்ளப்பணக் கும்பல் ஒன்று சிக்கியது. அதன் பின் அவர் பட்டறைத் தொழிலில் நிலைக்கவில்லை. சிகாகோ காவல்துறையில் துப்பறிவாளராகப் பணியாற்றிய அவர், 1850 வாக்கில் சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார்.

அந்நிறுவனத்தை வளர்த்தவை ரயில் நிறுவனங்களே. இருப்புப்பாதைகள் மாநில எல்லைகளைக் கடந்து சென்றன. உள்ளூர்க் காவலரின் அதிகாரமோ தத்தம் எல்லையோடு நின்றது. அந்த இடைவெளியைப் பிங்கர்டன் தமது வணிகமாக்கினார். 1855இல் ரயில் நிறுவனங்கள் பல அவருடன் ஒப்பந்தம் செய்துகொண்டன. கொள்ளையரைப் பிடிப்பது அவரது பணியின் ஒரு பகுதியே. பயணிகளாக வேடமிட்ட அவரது ஆட்கள், ரயிலில் ரொக்கமாகப் பெறும் கட்டணத்தை நடத்துநர்கள் முறையாகக் கணக்கில் சேர்க்கிறார்களா என்று வேவு பார்த்தனர். முதலாளி தம் ஊழியரையே மறைந்திருந்து கண்காணிக்கும் வழக்கம் இவ்வாறு விலைக்குக் கிடைக்கும் சேவையாயிற்று.

1856இல் கேட் வார்ன் என்ற பெண்ணைத் துப்பறிவாளராகச் சேர்த்தது அக்காலத்தில் துணிவான முடிவு. ஆடம்ஸ் எக்ஸ்பிரஸ் நிறுவனத்தின் அலபாமா அலுவலகத்தில் 40,000 டாலர் திருடுபோனபோது, குற்றவாளியான அலுவலரின் மனைவியுடன் நட்புக்கொண்டு அப்பணத்தின் பெரும்பகுதியை மீட்க வழிசெய்தவர் அவரே. மணமுறிவு வழக்குகளை ஏற்பதில்லை, வெகுமதி பெறுவதில்லை என்ற விதிகளையும் பிங்கர்டன் வகுத்திருந்தார்.

தப்பிவந்த அடிமைகளுக்கு அடைக்கலம் தந்தவர் அவர். 1861இல் லிங்கனைக் கொல்லும் சதி குறித்து எச்சரித்து, அவரைப் பாதுகாப்பாக வாஷிங்டனுக்கு அழைத்துச் சென்றார். உள்நாட்டுப் போரில் அவர் திரட்டிய உளவுத் தகவல்கள் எதிரிப் படையின் எண்ணிக்கையை மிகையாகக் காட்டியது தனிக் கதை.

அவரது வாழ்வின் முரண் பென்சில்வேனியாவின் நிலக்கரிச் சுரங்கங்களில் வெளிப்பட்டது. 1873இல் ரெடிங் ரயில் நிறுவனத்தின் தலைவர் ஃபிராங்க்ளின் கோவன், மோலி மகுவயர்ஸ் என்ற ஐரிஷ் தொழிலாளர் இரகசியக் குழுவை வேவு பார்க்க அவரை அமர்த்தினார். பிங்கர்டன் அனுப்பிய ஜேம்ஸ் மெக்பார்லன் புனைபெயரில் இரண்டாண்டுகளுக்கு மேல் அக்குழுவினருடன் பழகினார். அவரது சாட்சியம் முக்கிய ஆதாரமான வழக்குகளில் கோவனே அரசுத் தரப்பில் வாதாடினார். 1877 முதல் 1879 வரை இருபது பேர் தூக்கிலிடப்பட்டனர். கொலைகள் நடந்தது உண்மை. ஆயினும் வழக்கில் நேரடி ஆதாயம் உடைய நிறுவனத்தின் தலைவரே அதை நடத்தியதால், தூக்கிலிடப்பட்ட அனைவரும் குற்றவாளிகள்தாமா என்ற ஐயம் இன்றுவரை தீரவில்லை. 1878இல் வேலைநிறுத்தக்காரர்களைக் கடுமையாகச் சாடும் நூலொன்றையும் பழைய சார்ட்டிஸ்ட் தொண்டரான பிங்கர்டன் வெளியிட்டார்.

1884 ஜூலை 1 அன்று சிகாகோவில் அவர் மறைந்தபின், மகன்கள் இருவரும் நிறுவனத்தை நடத்தினர். 1892இல் ஹோம்ஸ்டெட் எஃகு ஆலைத் தொழிலாளர்களை எதிர்கொள்ள அனுப்பப்பட்ட சுமார் 300 பிங்கர்டன் ஆட்களுக்கும் தொழிலாளர்களுக்கும் நடந்த மோதலில் இரு தரப்பிலும் உயிர்கள் பலியாயின. மறு ஆண்டே, இத்தகைய நிறுவனத்தாரை மத்திய அரசு பணியமர்த்தக் கூடாதெனச் சட்டம் இயற்றப்பட்டது. தனியார் முதலாளிகளை அச்சட்டம் தடுக்கவில்லை. தொழிற்சங்கங்களுக்குள் ஒற்றர்களை அனுப்பும் வேலையைப் பிங்கர்டன் நிறுவனம் கைவிட்டது, செனட் குழு விசாரணைக்குப் பின் 1937இல்தான்.