காலரா கிருமியைத் தன் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டவர்... யார் இந்த ஹாஃப்கின்?

காலரா கிருமியை ஊசியில் ஏற்றி, உங்களுக்கு நீங்களே போட்டுக்கொள்வீர்களா? நினைத்தாலே வயிற்றைக் கலக்குதுல்ல? 1892 ஜூலை 18-ம் தேதி, பாரிஸில் 32 வயது வால்டெமர் ஹாஃப்கின் அதைத்தான் செய்தார்.

ஒடெஸாவில் பிறந்த யூதர். மதம் மாறினால்தான் ரஷ்யாவில் பேராசிரியர் ஆக முடியும் என்ற நிலை. மாட்டேன் என்று கிளம்பிவிட்டார். பாரிஸ் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில் கிடைத்ததோ நூலக வேலை. மிச்ச நேரமெல்லாம் காலராவோடு மல்லுக்கட்டினார்.

காலரா சாதாரண வயிற்றுப்போக்கு இல்லை. சில மணி நேரத்திலேயே உடம்பில் இருக்கும் தண்ணீரை வற்றவைத்துவிடும். சின்னக் குழந்தைகள் என்றால் இன்னும் சீக்கிரம். ஓ.ஆர்.எஸ் பாக்கெட் எல்லாம் இல்லாத காலம் வேற! ஹாஃப்கின் கண்டுபிடித்த வழி, முதலில் வீரியம் குறைத்த கிருமி, ஆறு நாள் கழித்து வீரியம் கூட்டிய கிருமி. அவருக்குக் காய்ச்சல் வந்தது, போனது. அவ்வளவுதான்.

அடுத்த வருடமே இந்தியா வந்தார். 1894-ல் கல்கத்தாவின் கட்டல் பாகான் குடிசைப் பகுதியில் சுமார் 200 பேர். அதில் 116 பேர் ஊசி போட்டுக்கொண்டார்கள். அதன் பிறகு அங்கே காலராவில் இறந்த அத்தனை பேரும் ஊசி போடாதவர்கள். பம்பாயில் பிளேக் பரவியபோது அதற்கும் ஊசி தயாரித்தார். 1897 ஜனவரியில் அதையும் முதலில் தனக்கே போட்டுக்கொண்டார். மனுஷன் திருந்தவே இல்லை!

1902 அக்டோபரில்தான் இடி விழுந்தது. பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில் பிளேக் ஊசி போட்ட 107 பேரில் 19 பேர் ரணஜன்னி வந்து இறந்தார்கள். பழி ஹாஃப்கின் ஆய்வகத்தின் மேல் விழ, பதவி பறிபோனது. ஆனால், கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்த 19 பேருக்கும் மருந்து போனது ஒரே பாட்டிலில் இருந்து. மற்ற 88 பேருக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த பாட்டிலைத் திறந்தபோது இடுக்கி மண்ணில் விழுந்திருக்கிறது, அதைச் சரியாகச் சுத்தம் செய்யாமலே பயன்படுத்தியிருக்கிறார்கள். இதெல்லாம் விசாரணையிலேயே இருந்த விஷயம். இருந்தும், மலேரியா ஆராய்ச்சியில் நோபல் வாங்கிய ரொனால்டு ராஸும் மற்ற விஞ்ஞானிகளும் லண்டன் பத்திரிகையில் எழுதி மல்லுக்கு நின்ற பிறகு, 1907-ல்தான் பழி நீங்கியது. எனக்கு இதைப் படித்தபோது கோபம்தான் வந்தது.

திரும்ப கல்கத்தா வந்தார். ஆனால், பழையபடி மக்களிடம் போய் ஊசியைச் சோதிக்கும் வாய்ப்பு கிடைக்கவில்லை. 1930-ல் சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் இறந்தார்.

பம்பாய் பரேலில் அவர் வளர்த்த ஆய்வகத்துக்கு 1925-ல் அவர் பெயரையே வைத்தார்கள். ஹாஃப்கின் என்ற பெயரில் அங்கே போலியோ சொட்டு மருந்தும் தயாரானது. சின்ன வயசுல நீங்க அழுதுக்கிட்டே வாயைத் திறந்து வாங்கின அந்த ரெண்டு சொட்டு, அங்கிருந்து வந்ததாகக்கூட இருக்கலாம்.