ஆசிரியர்க்கு ஆசிரியர் கவிமணி

கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை என்றவுடன் நம்மிற் பலர்க்கு ஆசிய ஜோதி நினைவுக்கு வரும். உமர்கய்யாம் பாடல்கள் நினைவுக்கு வரும். ஆனால் அவர் நம் திருவனந்தபுரத்தில், பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கச் செல்லும் பெண்களைப் பயிற்றுவித்த ஆசிரியர் என்பதை எத்தனை பேர் அறிவோம்? அந்தக் கவிமணியைப் பற்றியே இங்குச் சில சொல்ல விரும்புகிறேன்.

அவர் 1876ஆம் ஆண்டில் நாஞ்சில் நாட்டுத் தேரூரில் பிறந்தார். தந்தையார் சிவதாணுப் பிள்ளை. தாயார் ஆதிலட்சுமி அம்மையார். நாஞ்சில் நாடு அன்று திருவிதாங்கூர் அரசைச் சார்ந்திருந்தது. ஆகவே வீட்டிலே தமிழ், பள்ளியிலே மலையாளம். தாய் பேசிய சொல் ஒன்று; பள்ளியில் கண்ட எழுத்து மற்றொன்று. தமிழ் இலக்கண இலக்கியங்களை அவர் கற்றது வாணன்திட்டில் இருந்த திருவாவடுதுறை மடத்துச் சாந்தலிங்கத் தம்பிரானிடம். அப்படி ஒருவர் அருகில் இல்லாதிருந்தால் தமிழ் ஒரு கவிஞரை இழந்திருக்கும் அன்றோ? இந்நகரில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளை அறிந்தோர்க்கு இது வெறும் பழங்கதையாகத் தோன்றாது.

ஆசிரியப் பயிற்சி பெற்றபின் ஊர்ப் பள்ளியிலும் கோட்டாறு ஆரம்பப் பள்ளியிலும் அவர் பாடம் சொன்னார். பின்னர் நாகர்கோவில் போதனாமுறைப் பாடசாலையிலும், திருவனந்தபுரம் பெண்கள் போதனாமுறைப் பாடசாலையிலும் பணி புரிந்தார். போதனாமுறைப் பாடசாலை என்பது இன்று நாம் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி என்று வழங்குவதே. முதலில் குழந்தைகளுக்கு ஆசிரியர். பிறகு ஆசிரியர்களுக்கு ஆசிரியர். இந்த வரிசையை மனத்திற் கொள்ளல் வேண்டும். பிள்ளைகளின் முகம் பாராமல் பிள்ளைக்கல்வி பேசுவோர் எக்காலத்திலும் உண்டு. அவர் அக்கூட்டத்தைச் சேர்ந்தவர் அல்லர்.

சாலைக் கடைத்தெருவை அடுத்த ஓரிடத்தில் நானும் இரு நண்பர்களும் மாலை வேளையில் சில சிறுவர்க்கு எழுத்துக் கற்பித்து வருகின்றோம். அகரம் முதல் ஒளகாரம் வரை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் பையன் ஒருவன் இருக்கிறான். தனியே 'எ' என்ற எழுத்தைச் சுட்டினால், மீண்டும் அகரத்திலிருந்து விரல்விட்டு எண்ணிக்கொண்டுதான் அங்கு வந்து சேர்வான்! வாய்பாடும் அவ்வாறே, ஏழைந்து முப்பத்தைந்து என்பான், ஏழு பேருக்கு ஐந்தைந்து மிட்டாய் கொடுக்க எத்தனை வேண்டும் என்றால் விழிப்பான். வாய்க்குத் தெரிந்தது கண்ணுக்கும் கைக்கும் இன்னும் வந்து சேரவில்லை.

இந்த இடைவெளியைக் கடக்கக் கவிமணியின் பசுவும் கன்றும் துணை செய்கின்றன. அவர் பாடிய அச்சிறு பாட்டிலே, ஒரு சொல்லேனும் குழந்தைக்குப் புதிதன்று. ஓரடி பசுவின் பெயரில் முடியும். அடுத்தது கன்றின் பெயரில் முடியும். பாட்டு முன்பே காதில் இருப்பதால், கரும்பலகையில் எழுதிக் காட்டியவுடன் அவ்விரு சொற்களும் மீண்டும் மீண்டும் வருவதைப் பிள்ளை தானே கண்டுபிடித்து விடுகிறான். பிறகு சொல்லைப் பிரித்து எழுத்தைக் காட்டுவது எளிது. பசு நான்கு முறை, கன்று நான்கு முறை. ஆக எட்டு என்று அவனே கூட்டவும் செய்கிறான். கணக்குக் கற்பிக்கவே கவிமணி அதனைப் பாடினார் என்று நான் சொல்ல வரவில்லை. படமும் புத்தகமும் இல்லாத வகுப்பிலும் ஓர் ஆசிரியை தன் வாயில் சுமந்து செல்லக் கூடிய கருவி அது. அதனைச் செய்தவர் வகுப்பறையை அறிந்தவர் என்பது ஒவ்வோர் அடியிலும் புலனாகும். குழந்தைப் பாட்டுத்தானே என்று தள்ளிவிடும் புலவர்கள், அப்படி ஒன்றை இயற்றிப் பார்க்கட்டும்.

அவருக்குப் பிள்ளைப்பேறு இல்லை. தமக்கையார் மகனைத் தம் மகன்போல் வளர்த்தார். 1931இல் ஓய்வு பெற்றுப் புத்தேரியில் தங்கினார். புகழ் பின்னரே வந்தது. மலரும் மாலையும் 1938இல் வெளிவந்தது. 1940இல் சென்னையில் கவிமணிப் பட்டம் சூட்டினர். மறு ஆண்டே ஆசிய ஜோதி. நாஞ்சில் நாட்டின் சொத்துரிமைக் கேட்டை எள்ளி நகையாடிய மருமக்கள்வழி மான்மியமும், காந்தளூர்ச் சாலை பற்றிய கல்வெட்டாராய்ச்சியும் தனியே எழுதத் தக்கவை. 1954 செப்டம்பர் 26இல் அவர் மறைந்தார். ஈராண்டு கழித்து, 1956 நவம்பர் முதல் நாள், தேரூர் சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. அவர் ஆசிரியைகளைப் பயிற்றுவித்த திருவனந்தபுரம் கேரளத்தில் நின்றது.

நம் சங்க நூலகத்தில் மலரும் மாலையும் ஒரே ஒரு படிதான் உள்ளது. அதுவும் தாள் கிழிந்தது. வைத்திருக்கும் நண்பர்கள் தந்துதவினால், குழந்தைப் பாடல்களைப் பெரிய எழுத்தில் அட்டைகளில் எழுதி மாலை வகுப்பில் மாட்டிவிடுவோம்.