செல்லாக் காசுகளின் செல்வர்

யாருக்கும் பயன்படாத ஒருவரைச் 'செல்லாக் காசு' என்று சொல்வது நம் வழக்கம். தேய்ந்து உருமங்கி, எந்தக் கடையிலும் வாங்காத காசுக்கு மதிப்பு ஏது என்று நாம் எண்ணுகிறோம். அத்தகைய காசுகளையே வாழ்நாளெல்லாம் ஆராய்ந்து, பண்டைய உலகின் வரலாற்றுக்கு ஒளியேற்றிய குரு ஒருவரின் வாழ்வை இங்கே காண்போம். நாணயவியலின் தந்தை என்று அறிஞர்கள் போற்றும் ஜோசப் எக்கெல் அடிகளாரே அவர்.

1737-ஆம் ஆண்டு ஜனவரி 13-ஆம் நாள் ஆஸ்திரிய நாட்டுச் சிற்றூர் ஒன்றில் அவர் பிறந்தார். தந்தை ஒரு பிரபுவின் பண்ணையை மேற்பார்த்து வந்தவர். வியன்னாவில் இயேசு சபையாரிடம் கல்வி கற்ற சிறுவன், 14 வயதிலேயே அச்சபையில் சேர்ந்தான். பின்னர் கவிதையும் பேச்சுக்கலையும் கற்பிக்கும் ஆசிரியரானார். ஆயினும் அவர் உள்ளம் பழங்காசுகளையே நாடியது. 1772-இல் சபையின் வியன்னாக் கல்லூரியிலிருந்த காசுத் தொகுப்பு அவர் பொறுப்பில் விடப்பட்டது. அவ்வாண்டே இத்தாலி சென்று பல தொகுப்புகளைக் கண்ணாரக் கண்டார். பிளாரன்ஸ் நகரில் டஸ்கனிக் கோமகனின் காசுகளை ஒழுங்குபடுத்தும் பணியும் அவருக்குக் கிடைத்தது.

அந்த வேளையில்தான் பேரிடி விழுந்தது. 1773-இல் திருத்தந்தை பதினான்காம் கிளமென்ட் இயேசு சபையைக் கலைத்தார். இளமை முதல் தம் இல்லமாயிருந்த சபையை 36-ஆம் வயதில் எக்கெல் இழந்தார். எனினும் மேற்கொண்ட பணியை அவர் கைவிடவில்லை. பேரரசி மரியா தெரசா அவர் திறமையை அறிந்து, 1774, 1775 ஆகிய ஆண்டுகளில் அரண்மனைக் காசுத் தொகுப்பையும் வியன்னாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவியையும் அளித்தார்.

அவர் எதிர்கொண்ட வேலை எளிதன்று. பண்டைய கிரேக்க உலகில் நூற்றுக்கணக்கான நகரங்கள் தத்தம் காசுகளை அடித்து வெளியிட்டன. பொன்னையும் வெள்ளியையும் மக்கள் சேமித்து வைத்தனர். வெண்கலக் காசோ நம் சில்லறையைப் போல் சந்தையில் கைமாறிக் கைமாறித் தேய்ந்தது. மண்ணில் புதைந்து பச்சைக் களிம்பும் ஏறியது. எழுத்து அழிந்த அக்காசு எந்த ஊருடையது என்று எவ்வாறு அறிவது?

முதலில் சின்னத்தைப் பார்க்க வேண்டும். புனித பவுலின் திருமுகங்களால் நாம் அறிந்த எபேசு நகரின் சின்னம் தேனீ. கொரிந்து நகரினது சிறகுள்ள குதிரை. ஏதென்ஸ் நகருக்கு ஆந்தை. ரோட்ஸ் தீவுக்கு ரோஜா. அடுத்து, எஞ்சிய எழுத்துகளை நோக்க வேண்டும். அவை பெரும்பாலும் இன்ன ஊராருடையது என்னும் பொருளில் அமைந்திருக்கும். எடையும் அளவும் பார்த்து, நன்னிலையிலுள்ள மற்றொரு காசோடு ஒப்பிட்டால், ஒன்றில் அழிந்தது மற்றொன்றில் விளங்கும். பழங்காசு கிடைத்தால் நம் வீட்டுப் பித்தளைப் பாத்திரம்போல் புளியிட்டுத் துலக்கிவிடலாகாது. களிம்போடு எழுத்தும் போய்விடும்!

ஒப்பிடுவதற்கு ஒழுங்கு தேவையல்லவா? முன்பு பலர் காசுகளை உலோகம், அளவு, அகரவரிசை என்று பலவாறு அடுக்கினர். பிரெஞ்சு அறிஞர் பெல்லெரின் நிலப்பகுதிவாரியாக வகுக்கும் வழியைக் காட்டினார். எக்கெல் அதைச் செம்மைப்படுத்தினார். ஸ்பெயினில் தொடங்கி மத்தியதரைக் கடலைச் சுற்றி வந்து ஆப்பிரிக்காவில் முடியும் வரிசை அது. அண்டை ஊர்களின் காசுகள் அடுத்தடுத்து அமைந்ததால், அடையாளம் தெரியாத காசுக்கும் உரிய இடம் தேடுவது எளிதாயிற்று.

அவருடைய நேர்மையும் நம் கருத்திற்குரியது. 16-ஆம் நூற்றாண்டில் கோல்ட்ஸ் என்பவர் வெளியிட்ட நூல்களில் எவர் கைக்கும் கிட்டாத காசுகள் பல இருந்தன. பிற்காலத்தார் அவற்றை மெய்யென்று நம்பினர். அத்தகைய சான்றுகளை எக்கெல் ஏற்க மறுத்தார். கண்ணால் கண்டு தெளிந்ததே அவருக்கு ஆதாரம்.

1787-இல் மாணவர்க்கென எளிய நாணயவியல் நூலொன்றை ஜெர்மன் மொழியில் எழுதினார். 1792 முதல் 1798 வரை, பண்டைக் காசுகளைப் பற்றிய தம் பெருநூலை இலத்தீனில் எட்டுத் தொகுதிகளாக வெளியிட்டார். முதல் நான்கும் கிரேக்க நகரங்களையும் அரசுகளையும் பற்றியவை. பின் நான்கும் உரோமையைப் பற்றியவை. இறுதித் தொகுதி வெளிவந்த 1798-ஆம் ஆண்டிலேயே, மே 16-ஆம் நாள், 61-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். இயேசு சபை மீண்டும் உயிர்பெற்றது 1814-இல்தான். அந்நாளைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

தோழியரே, தேய்ந்த காசை எக்கெல் அடிகளார் எறிந்துவிடவில்லை. அதில் இல்லாததைக் கற்பனை செய்து சேர்க்கவும் இல்லை. பொறுமையோடு நோக்கி, அதற்குரிய இடத்தில் வைத்தார். நம் வகுப்பிலும் வீட்டிலும் செல்லாக் காசென்று ஒதுக்கப்படுவோர் இருக்கக்கூடும். அவர்களையும் அவ்வாறே பொறுமையோடு நோக்கப் பழகுவோமாக!