ஈயப் பெட்டிக்குள் ஒரு வாழ்வு

பொருளியல் வகுப்பில் புறச்செலவை விளக்க ஆலைப் புகையையும் சாயக்கழிவையும் எடுத்துக்காட்டுவது வழக்கம். நானும் பல்லாண்டுகள் அதையே செய்தேன். ஓய்வுக்குப் பின் மேரி கியூரியின் வரலாற்றை நிதானமாகப் படித்தபோது, இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை என்று தோன்றியது.

1867-இல் வார்சாவில் பிறந்த அவர், அங்குள்ள பல்கலைக்கழகம் பெண்களை ஏற்காததால் 1891-இல் பாரிஸ் சென்றார். 1898-இல் கணவர் பியருடன் இணைந்து பொலோனியத்தையும் ரேடியத்தையும் கண்டறிந்தார். விலையுயர்ந்த தாதுவை வாங்க வசதியில்லை. பொஹிமியாவின் சுரங்கத்தில் யுரேனியம் எடுத்தபின் வீணெனக் கொட்டப்பட்ட கசடே மூலப்பொருளாயிற்று. மழைக்கு ஒழுகும் கொட்டகையில் டன் கணக்கில் அதைக் காய்ச்சி, 1902-இல் அவர் பெற்றது ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு ரேடியம் குளோரைடு.

அதற்குக் காப்புரிமை பெறத் தம்பதியர் விரும்பவில்லை. விளைவு, 1921-இல் அவரது ஆய்வுக்கு ஒரு கிராம் ரேடியம் வாங்க, அமெரிக்கப் பெண்கள் சுமார் ஒரு லட்சம் டாலர் திரட்டித் தர நேர்ந்தது.

அது சந்தை அறிந்த விலை. சந்தை அறியாத விலை ஒன்றும் உண்டு. ரேடியத்தின் கதிர்கள் கண்ணாடியை நிறம் மாற்றுவதையும், ஆக்சிஜனை ஓசோனாக்குவதையும் 1899-இலேயே இருவரும் பதிவு செய்தனர். கதிர்வீச்சு வேதியியலின் தொடக்கங்களுள் அதுவும் ஒன்று. அதே கதிர்கள் அவர் விரல்களையும் புண்ணாக்கின. 1934 ஜூலை 4-இல், எலும்பு மஜ்ஜை செயலிழந்த ரத்தசோகையால் அவர் மறைந்தார். அவருடைய குறிப்பேடுகள் இன்றும் பாரிஸில் ஈயப் பெட்டிகளில் காக்கப்படுகின்றன. ரேடியத்தின் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 1,600 ஆண்டுகள்.

இன்று அதே பிரான்ஸில், லா ஆக் ஆலை அணுக்கழிவைக் கண்ணாடியோடு உருக்கி எஃகுக் கலங்களில் அடைக்கிறது. நூற்றாண்டுகள் நீளும் கதிர்வீச்சை அந்தக் கண்ணாடி தாங்குமா, அதைத் தொடும் நீர் சிதைந்து எவ்வளவு ஹைட்ரஜன் வெளியாகும் என்பன இன்றைய வேதியியலாளரின் கேள்விகள். கியூரி தம்பதியர் குடுவையில் கண்ட நிறமாற்றத்தின் தொடர்ச்சியே இவை.

அணுமின்சாரம் மலிவா, விலையுயர்ந்ததா என்று வாதிடும் இரு தரப்பாருக்கும் என் வேண்டுகோள் ஒன்றே. கழிவைக் காக்கும் செலவையும், அதற்கான ஆய்வுச் செலவையும் இன்றைய விலையிலேயே சேர்த்துக் கணக்கிடுங்கள். மேரி கியூரி முழுதும் அறியாமலே தம் உயிரை விலையாகத் தந்தார். அனைத்தும் அறிந்த நாம், அந்தக் கடனைப் பிறவாத தலைமுறையின் பெயரில் எழுதிவைப்பது அறமாகாது.