75 டாலர் கடனில் படித்த அதிபர்

ஆஸ்டினில் இருக்கிற தமிழ்க் குடும்பங்களுக்கு சான் மார்கோஸ் என்றால் அவுட்லெட் மால்தான். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் ஒரு சனிக்கிழமை காரில் ஏற்றி, 35ஆம் நம்பர் நெடுஞ்சாலையில் தெற்கே போய், பெட்டி கொள்கிற அளவுக்கு ஷூவும் கைப்பையும் வாங்கிக்கொண்டு திரும்புவோம். பல வருஷமாக நானும் அதைத்தான் செய்தேன். அதே ஊரில் ஒரு மேட்டின்மேல் சிவப்புக் கூரையோடு பழைய கல்லூரிக் கட்டடம் ஒன்று நிற்கிறது. அந்தக் கல்லூரியில்தான் லிண்டன் ஜான்சன் படித்தார். அவருக்கும் என் வீட்டுக் கதைக்கும் ஒரு சம்பந்தம் உண்டு என்று தெரிவதற்கு எனக்கு வேலை போக வேண்டியிருந்தது.

ஜான்சன் 1908இல் டெக்சாஸ் மலைப்பகுதியில் பிறந்தவர். அப்பா மாநில சட்டமன்ற உறுப்பினர். ஊரில் மரியாதைக்குக் குறைவில்லை, ஆனால் விவசாயத்தில் போட்ட பணம் எல்லாம் போய்க் கடன்தான் மிஞ்சியது. கௌரவம் இருக்கும், காசு இருக்காது. நம்மில் பலருக்குத் தெரிந்த வீடுதான் அது. 1924இல் பள்ளி முடித்த பையன் கல்லூரிக்குப் போகவில்லை. நண்பர்களோடு கலிஃபோர்னியாவுக்கு ஓடிப்போய்க் கிடைத்த வேலையைச் செய்தார். திரும்பி வந்து ரோடு போடும் கூட்டத்தில் சேர்ந்து உடம்பு நோக உழைத்தார். கடைசியில் 1927இல் 75 டாலர் கடன் வாங்கிக்கொண்டு சான் மார்கோஸ் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தார். அந்தக் காசு எத்தனை நாளைக்கு வரும்? கல்லூரி வளாகத்தில் குப்பை பொறுக்கினார், துப்புரவு ஆளுக்கு உதவியாக இருந்தார். பிறகு கல்லூரித் தலைவரின் அலுவலகத்தில் எடுபிடி வேலை கிடைத்தது.

அதுவும் போதவில்லை. 1928இல் படிப்பை நடுவில் நிறுத்திவிட்டு, மெக்சிகோ எல்லைப் பக்கம் கொட்டுல்லா என்ற சின்ன ஊருக்கு வாத்தியார் வேலைக்குப் போனார். அங்கே மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளுக்கென்று தனிப் பள்ளி. பிள்ளைகள் பல நாள் காலைச் சாப்பாடு இல்லாமல் வருவார்கள். விளையாட ஒரு பந்துகூட இல்லை. படிப்புக்குப் பணம் சேர்க்க வந்த இருபது வயசுப் பையன், சம்பளத்தில் ஒரு பகுதியை எடுத்துப் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் வாங்கிக் கொடுத்தார். ஒரு வருஷம் கழித்துத் திரும்பி வந்து 1930இல் பட்டம் வாங்கினார். கொட்டுல்லா பிள்ளைகளில் எத்தனை பேர் கல்லூரிப் பக்கம் போயிருப்பார்கள்? அந்தக் கேள்வி கடைசிவரை அவரை விடவில்லை என்பதைப் பின்னால் அவர் போட்ட கையெழுத்துகளில் பார்க்கலாம்.

1935இல் ரூஸ்வெல்ட் அரசு தேசிய இளைஞர் நிர்வாகம் என்று ஓர் அமைப்பைத் தொடங்கியது. டெக்சாஸ் கிளைக்கு ஜான்சனை இயக்குநராகப் போட்டார்கள். வயசு 26. பொருளாதார மந்தத்தில் படிப்பை விடவிருந்த பிள்ளைகளுக்கு அந்தந்தப் பள்ளியிலும் கல்லூரியிலும் பகுதிநேர வேலை கொடுத்து, அந்தக் கூலியில் படிக்க வைப்பதுதான் திட்டம். உயர்நிலைப் பள்ளி மாணவருக்கு மாதம் 6 டாலர் வரை. இன்றைக்கு அமெரிக்கக் கல்லூரிகளில் வொர்க் ஸ்டடி என்று சொல்கிறார்களே, நூலகத்திலும் ஆய்வகத்திலும் பிள்ளைகள் வேலை பார்த்துச் சம்பளம் வாங்குவது, அதற்கு முன்னோடி இது. 1964இல் அதிபராக இருந்தபோது வறுமை ஒழிப்புச் சட்டத்துக்குள் வொர்க் ஸ்டடியைக் கொண்டுவந்தவரும் இவரேதான்.

1965 இலையுதிர்காலம்தான் நம்மைத் தொடுகிற இடம். அக்டோபர் 3ஆம் தேதி சுதந்திர தேவி சிலையின் அடியில் உட்கார்ந்து குடியேற்றச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். நாட்டுவாரியாகப் பிரித்து ஆசியர்களை வாசலிலேயே நிறுத்திவைத்த பழைய ஒதுக்கீடு அதோடு போனது. நம்ம ஆட்கள் டாக்டராகவும் இன்ஜினியராகவும் இங்கே வந்து இறங்கியது அதற்குப் பிறகுதான். சரியாக 36 நாள் கழித்து, நவம்பர் 8ஆம் தேதி, சான் மார்கோஸுக்கு வந்து தான் படித்த கல்லூரியின் விளையாட்டு அரங்கில் உயர்கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஏழை மாணவர்களுக்கு மானியம், அரசு உத்தரவாதத்தோடு கடன், வொர்க் ஸ்டடி, மூன்றும் ஒரே குடையின் கீழ் வந்தன. முதல் கையெழுத்தை நாம் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டோம். இரண்டாவது நமக்கானது இல்லை என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன்.

2023 ஜனவரியில் எனக்கு லேஆஃப். அந்த மே மாதம் மகள் பள்ளி முடிக்கிறாள். டெக்சாஸில் பள்ளி முடிக்க, ஃபாஃப்ஸா என்கிற மத்திய அரசின் நிதியுதவி விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்ய வேண்டும். இல்லை, வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நான் வேண்டாம் என்று போட்டேன். காரணம், அந்த விண்ணப்பம் இரண்டு வருஷத்துக்கு முந்தைய வரிக்கணக்கைப் பார்க்கும். 2021இல் என் சம்பளம் நன்றாகவே இருந்தது. எப்படியும் கிடைக்காது, எதுக்கு வீட்டு வண்டவாளத்தை எழுதிக் கொடுக்கணும் என்று தோன்றியது. உள்ளே இருந்த உண்மையான காரணம் வேறு. கை நீட்டுவது அவமானம். மகள் கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்ததே எனக்கு அவமானமாகத்தான் இருந்தது. கோயிலில் யாராவது பொண்ணு எங்கே படிக்குதுன்னு கேட்டால் பேச்சை மாற்றுவேன்.

முதல் வருஷம் சேமிப்பிலிருந்து கட்டினோம். மகள் ஒரு கடையில் மாலை வேலைக்குப் போனாள். இரண்டு பாடம் கைவிட்டுப் போயின. அவள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

வேலை போனதற்குச் சான்று கொடுத்தால், கல்லூரியின் நிதியுதவி அலுவலகம் பழைய வருமானத்தை விட்டுவிட்டு இப்போதைய நிலையைப் பார்த்துக் கணக்கை மாற்ற முடியும் என்பது எனக்கு அப்போது தெரியாது. அந்தக் கல்வியாண்டு முடிகிற ஜூன் 30 வரை விண்ணப்பிக்கலாம் என்பதும் தெரியாது. இரண்டாம் வருஷம்தான் மகளே உட்கார்ந்து விண்ணப்பத்தைப் போட்டாள். மறுபரிசீலனை கேட்டாள். பெல் கிராண்ட் வந்தது, நூலகத்தில் வொர்க் ஸ்டடியும் கிடைத்தது.

பெல் கிராண்ட் திருப்பிக் கட்ட வேண்டாத பணம். 1972இல் செனட்டர் கிளெய்பர்ன் பெல் முன்னின்று, ஜான்சனின் சட்டத்தைத் திருத்திச் சேர்த்தது. 2025-26இல் அதன் உச்சவரம்பு 7,395 டாலர். கம்யூனிட்டி காலேஜில் இதற்கு மதிப்பு அதிகம். கலிஃபோர்னியாவில் ஒரு யூனிட்டுக்குக் கட்டணம் 46 டாலர். வருஷம் 30 யூனிட் எடுத்தால் 1,380தான். வருமானம் குறைந்த மாநிலவாசிகளுக்கு அதையும் தள்ளுபடி செய்யும் திட்டம் அங்கே உண்டு. கட்டணம் போக மிஞ்சும் பெல் பணம் புத்தகத்துக்கும் வாடகைக்கும் பஸ்ஸுக்கும் மாணவர் கைக்கே வரும். இங்கே ஆஸ்டின் கம்யூனிட்டி காலேஜ் 2024இல் பள்ளி முடித்த உள்ளூர்ப் பிள்ளைகளிலிருந்து கட்டணத்தையே எடுத்துவிட்டது. என் மகள் ஒரு வருஷம் முந்திவிட்டாள்!

நம்மவர்களிடம் இன்னொரு குழப்பமும் இருக்கிறது. அப்பா அம்மா எச்1பி என்றால் பிள்ளைக்கு எதுவும் இல்லை என்று நினைக்கிறார்கள். பிள்ளை இங்கே பிறந்திருந்தால் பெற்றோரின் விசா தடையே இல்லை. கிரீன் கார்டு இருந்தாலும் சரி. எச்4இல் இருக்கிற பிள்ளைகளுக்குத்தான் மத்திய உதவி கிடையாது. அவர்கள் மாநிலத்திலும் கல்லூரியிலும் என்ன இருக்கிறது என்று தனியாகக் கேட்டுத்தான் ஆகணும்.

ஜான்சனைப் பற்றி நல்லதை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நியாயமில்லை. அவர் தொடங்கிய மூன்றில் கடன்தான் பூதமாக வளர்ந்தது. முப்பது வயசு தாண்டியும் அதைக் கட்டிக்கொண்டிருப்பவர்கள் என் பழைய அலுவலகத்திலேயே இருந்தார்கள். மானியம் கிடைத்தால் வாங்குங்கள், கடனை மட்டும் பத்து தடவை யோசியுங்கள் என்றுதான் நான் சொல்வேன். வியட்நாம் போர் அதைவிடக் கொடுமை. முழுநேரக் கல்லூரி மாணவர்களுக்குக் கட்டாய ராணுவச் சேவையைத் தள்ளிப்போட வழி இருந்தது. கல்லூரிக்குப் போக வசதியில்லாத பையன்கள் போருக்குப் போனார்கள். கொட்டுல்லா வகுப்பறையை மறக்காத மனிதர்தான் அதையும் நடத்தினார். 1968இல் மறுபடி போட்டியிடவில்லை. 1973 ஜனவரி 22இல் தன் பண்ணையில் மாரடைப்பில் இறந்தார். ஆஸ்டின் கம்யூனிட்டி காலேஜ் தொடங்கியதும் அதே வருஷம்தான்.

போன வருஷம் மகளுக்கு இடமாறுதல் பார்க்க சான் மார்கோஸ் போனோம். அந்தப் பயிற்சிக் கல்லூரி இப்போது டெக்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகம். வளாகத்தில் ஜான்சனுக்கு ஒரு வெண்கலச் சிலை. அதிபராக இல்லை, புத்தகத்தோடு நடந்து போகிற மாணவராக வைத்திருக்கிறார்கள். மகள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டாள். நிதியுதவி அலுவலகம் எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்று இந்தத் தடவை நான்தான் விசாரித்தேன். திரும்பும்போது வழக்கம்போல அவுட்லெட் மாலில் நிறுத்தினோம். அவளுக்கு ஒரு ஜோடி ஷூ தேவைப்பட்டது. நூலகச் சம்பளம் வந்திருக்குப்பா என்று சொல்லி அவளே காசு கொடுத்தாள்.