கோப்பியை அழித்த பங்கசும் மார்ஷல் வார்ட் பெருமகனாரும்

மலைநாட்டைக் காணச் செல்வோர் கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலையின் பசுமையையே காண்பர். அம்மலைகள் ஒருகாலத்திற் கோப்பிக்கு உரியனவாயிருந்தன என்பதையும், அக்கோப்பியை ஒரு நுண்ணிய பங்கசு அழித்தது என்பதையும் நினைப்போர் சிலரே. அப்பங்கசின் இயல்பை ஆராய்ந்து உலகுக்கு உணர்த்திய ஹரி மார்ஷல் வார்ட் என்னும் அறிஞரின் வரலாற்றை இம்மலரிற் சுருங்கக் கூற விழைகின்றோம்.

வார்ட் 1854ஆம் ஆண்டு மார்ச் 21ஆந் திகதி இங்கிலாந்தின் ஹெரிபோர்ட் நகரிற் பிறந்தார். அவர் தந்தையார் ஓர் இசைவாணர். ஹக்ஸ்லியிடம் பாடங் கேட்டுப் பின்னர்க் கேம்பிரிட்ஜ் சென்று, 1879இல் இயற்கை விஞ்ஞானத்தில் முதல் வகுப்பிற் சித்தியெய்தினார். ஜேர்மனியிற் புகழ்பெற்ற சாக்ஸ் என்பாரிடமும் சிலகாலம் பயின்றார்.

அக்காலத்தில் இலங்கை பெரும் இடுக்கணுட்பட்டிருந்தது. 1869இல் மடுல்சீமைப் பகுதியில் முதன்முதலாகக் கோப்பி இலைகளின் கீழ்ப்புறத்தே செம்மஞ்சட் பொடி தோன்றியது. இலைகள் உதிர்ந்தன, விளைவு ஆண்டுதோறுங் குன்றிற்று. இதனை ஆராயுமாறு அரசினர் 1880இல் வார்ட்டை வரவழைத்தனர். அப்பொழுது அவருக்கு வயது ஏறக்குறைய இருபத்தாறு.

பேராதனையைத் தளமாகக் கொண்டு இரண்டாண்டுகள் அவர் உழைத்தார். கண்ணாடித் தகடுகளைத் தோட்டங்களில் தொங்கவிட்டு, காற்றோடு வரும் வித்திகளைப் பிடித்தார். ஈரமான இலையில் வீழ்ந்த வித்தி முளைத்து, இலைவாய் வழியே உட்புகுந்து, பருகிகளைக் கலங்களுட் செலுத்தி உணவை உறிஞ்சுதலை நுணுக்குக்காட்டியாற் கண்டறிந்தார்.

தோட்டத் துரைமார் வேண்டியதோ உடன் பலன்தரும் மருந்து. கந்தகமுஞ் சுண்ணாம்பும் ஓரளவுக்கன்றி உதவா என்றும், இடைவெளியின்றி மலைமலையாக ஒரே பயிரை நட்டமையே நோய் இத்துணை விரைவிற் பரவக் காரணம் என்றும் வார்ட் கூறியபோது, அவர்கள் மனம் நிறைவடையவில்லை. வேண்டியதைச் சொல்லி நற்பெயர் பெறுவதினும் கண்டதைச் சொல்லுதலையே அவ்விளைஞர் தம் கடனாகக் கொண்டார். 1882இல் அவர் தாயகம் மீண்டார். 1884இல் ஓரியன்ரல் வங்கி வீழ்ந்தது. கோப்பியை நம்பிக் கடல்கடந்து வந்த தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளர் பட்ட இன்னல் பெரிது.

கோப்பியைக் காக்க இயலாதுபோயினும் வார்ட் தம் ஆராய்ச்சியைக் கைவிட்டாரல்லர். லில்லிச் செடியின் நோயொன்றை ஆராய்ந்து, அதன் பங்கசு சுரக்கும் நொதியம் கலச்சுவரைக் கரைத்து வழி செய்கின்றது என்று 1888இல் வெளியிட்டார். நொதியம் என்பது புரதமே. ஆதலின் பங்கசின் நோயூட்டும் வன்மைக்குப் புரதங் கருவியாதலை முன்னுணர்த்திய பெருமை அவரையுஞ் சாரும். அவ்வாண்டிலேயே றோயல் சங்க உறுப்பினராகத் தெரிவு செய்யப்பெற்றார். 1895இற் கேம்பிரிட்ஜிலே தாவரவியற் பேராசிரியரானார். துருநோயை எதிர்க்கும் புல்லினங்களிற் பங்கசு புகுந்த கலங்கள் தாமே மடிந்து, பங்கசையும் உடன் மடியச் செய்தலை 1902இல் விளக்கினார். 1906 ஓகஸ்ட் 26இல், ஐம்பத்திரண்டாம் வயதில் இறைவனடி சேர்ந்தார்.

அவர் விட்ட இடத்திலிருந்து பிறர் தொடர்ந்தனர். பயிரின் ஒவ்வோர் எதிர்ப்புப் பரம்பரையலகுக்கும் இணையாகப் பங்கசிலும் ஒரு பரம்பரையலகு உண்டென ஆளிச் செடியின் துருவை ஆராய்ந்த அமெரிக்கராகிய புளோர் 1940களில் நிறுவினார். பங்கசு தன் பருகி வழியே புரதங்களைப் பயிரின் கலத்துட் செலுத்தி அதன் காவலை அடக்குகின்றது என்பதும், அப்புரதத்தைப் பயிர் அடையாளங் கண்டுகொண்டால் அக்கலம் தன்னை மாய்த்துக் கொள்கின்றது என்பதும் இன்று தெளிவு. புரதத்தை ஆக்கும் பரம்பரையலகு சிறிது மாறினும் பயிர் ஏமாந்துவிடும். இதனாலன்றோ கோப்பித் துருவில் ஐம்பதுக்கு மேற்பட்ட இனங்கள் தோன்றியுள்ளன!

ஊர்காவற்றுறையிலோ நெடுந்தீவிலோ நயினாதீவிலோ கோப்பித் தோட்டம் இல்லை. ஆயினும் புகையிலையும் வெங்காயமும் மிளகாயுஞ் செய்யும் நம் தீவகத்தாருக்கு இவ்வரலாறு அயலதன்று. ஒரே நிலத்தில் ஒரே பயிரை ஓயாது வைப்பதும், நோயெதிர்க்கும் விதை கிடைத்துவிட்டதென்று அயர்ந்திருப்பதும் இடர் விளைக்கும். இன்றைய விதை எதிர்க்கும் பங்கசு நாளை உருமாறி வரக்கூடும். நம் கல்லூரியில் விஞ்ஞானம் பயிலும் தீவகத்து மாணவர், தம் தந்தையரின் தோட்டத்தில் வாடும் இலையையும் நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து நோக்குவாராயின், வார்ட் பெருமகனாரின் வழியில் நடந்தோராவர்.