டாக்டர் இலட்சுமணசாமி முதலியாரும் கல்வியின் எல்லைக்கோடும்

இரட்டையராய்ப் பிறந்து, இருவருமே உலகப் புகழ் எய்திய சகோதரர்களைக் காண்பது அரிது. அத்தகைய பேறு பெற்றது ஆர்க்காட்டு முதலியார் குடும்பம். மூத்தவர் சர் ஏ. இராமசாமி முதலியார்; நீதிக்கட்சித் தலைவராயும் மைசூர்த் திவானாயும் விளங்கி, 1946-இல் ஐக்கிய நாடுகளின் பொருளாதார சமூக மன்றத்திற்கு முதல் தலைவரானவர். இளையவர் டாக்டர் ஏ. இலட்சுமணசாமி முதலியார். இவ்வாண்டு மலரில் இளையவர் வரலாற்றை எழுத நாம் எடுத்துக்கொண்டதற்குத் தக்க காரணம் உண்டு. தாய்நாட்டை விட்டு வந்து மான்குர்த்திலும் செம்பூரிலும் தாராவியிலும் குடியிருக்கும் நம் குழந்தைகள் எம்மொழியில் படிப்பது என்னும் கேள்விக்கும், அப்பெரியார் செய்த பணிக்கும் நெருங்கிய தொடர்பு இருக்கிறது.

1887-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 14-ஆம் நாள் கர்நூலில் இச்சகோதரர் பிறந்தனர். இளமைக் கல்வி அவ்வூரிலேயே நடந்தது. பின்னர்ச் சென்னைக்கு வந்து கிறிஸ்துவக் கல்லூரியில் பயின்றனர். அதன்பின் மூத்தவர் சட்டத்தையும் இளையவர் மருத்துவத்தையும் மேற்கொண்டனர். மகப்பேற்று மருத்துவத்தில் இலட்சுமணசாமியார் பெற்ற தேர்ச்சி தென்னாடு முழுவதும் அறிந்தது. பிரசவத்தில் தாய்மார் இறப்பது சாதாரணமாயிருந்த காலம் அது. எழும்பூர் மருத்துவமனையில் அவர் ஆற்றிய தொண்டு எண்ணற்ற குடும்பங்களில் விளக்கேற்றியது. அத்துறையில் அவர் எழுதிய நூல் மருத்துவ மாணவர்க்குப் பல காலம் பாடநூலாய்ப் பயன்பட்டது. 1939-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் தலைவராக அமர்ந்தார். அப்பதவியைப் பெற்ற முதல் இந்தியர் அவரே.

1942-இல் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பொறுப்பு அவரை வந்தடைந்தது. 1969 வரை, இருபத்தேழு ஆண்டுகள், அப்பதவியில் தொடர்ந்திருந்தார். இடையே நாடு விடுதலை பெற்றது, ஆந்திரம் பிரிந்தது, மாநில எல்லைகள் மாறின, ஆட்சிகளும் மாறின. துணைவேந்தர் மட்டும் மாறவில்லை. அழகப்பச் செட்டியாரின் கொடையால் 1944-இல் எழுந்த தொழில்நுட்பக் கல்லூரி அவர் காலத்தது. உலக சுகாதார நிறுவனத்தின் செயற்குழுவுக்கும், யுனெஸ்கோவின் செயற்குழுவுக்கும் தலைமை தாங்கிய பெருமையும் அவருக்கு உண்டு.

இனி, அவர் வாழ்வின் நடுநாயகமான செய்திக்கு வருவோம். அதற்குமுன் நம் அரசியல் சட்டத்தின் ஓர் ஏற்பாட்டைச் சற்று விளக்குதல் நலம்.

இருப்புப்பாதை மத்தியப் பட்டியலைச் சேர்ந்தது. ஆதலின் தில்லியில் ரயில்வே போர்டு ஒரு விதியை வகுத்தால், அது எழும்பூரிலும் செல்லும், மான்குர்த்திலும் செல்லும். நிலைய அதிகாரி அதை ஏற்பதா மறுப்பதா என்று யோசிக்க இடமில்லை. பள்ளிக்கூடத்தின் கதை வேறு. 1919-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாகாண மந்திரிகள் கைக்கு வந்த கல்வி, 1935-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் மாகாணங்களிடமே இருந்தது. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டமும் அதை மாநிலப் பட்டியலில் 11-ஆவது இனமாக வைத்தது. மத்திய அரசுக்குச் சில பல்கலைக்கழகங்களும், தேசிய முக்கியத்துவமுள்ள நிலையங்களும், உயர்கல்வியின் தரத்தை ஒருங்கிணைத்து வரையறுக்கும் உரிமையுமே வழங்கப்பட்டன. ஊர்ப் பள்ளியில் எத்தனை வகுப்பு, எம்மொழி, எப்பாடம் என்று கட்டளையிடத் தில்லிக்கு அதிகாரமில்லை.

இந்த எல்லைக்கோட்டின் இருபுறமும் நின்று பணியாற்றியவர் முதலியார். 1948-இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் கமிஷனில் அவரும் ஓர் உறுப்பினர். பல்கலைக்கழகக் கல்வியை மத்திய, மாநில அரசுகள் இரண்டுக்கும் உரிய பொதுப்பட்டியலில் சேர்க்கவேண்டும் என்று அக்கமிஷன் பரிந்துரை செய்தது. அரசியல் நிர்ணய சபை அதனை ஏற்கவில்லை. கோடு போட்ட இடத்திலேயே நின்றது.

1952-ஆம் ஆண்டு செப்டம்பரில் மத்திய அரசு இடைநிலைக் கல்விக் கமிஷனை நியமித்து, முதலியாரையே தலைவராக்கியது. அதனால் அது முதலியார் கமிஷன் என்றே வழங்கலாயிற்று. உறுப்பினருள் பரோடாப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஸ்ரீமதி ஹன்ஸா மேத்தாவும், நம் பம்பாயைச் சேர்ந்த தாராபூர்வாலா, வியாஸ் ஆகியோரும் இருந்தனர். இங்கிலாந்திலிருந்து ஒருவரும் அமெரிக்காவிலிருந்து ஒருவரும் வந்து சேர்ந்தனர். அமெரிக்க அரசியல் சட்டத்திலோ கல்வி என்ற சொல்லே கிடையாது. கூட்டரசுக்குக் கொடுக்கப்படாத அதிகாரங்கள் மாநிலங்களுக்கு உரியன என்னும் 1791-ஆம் ஆண்டுத் திருத்தத்தினால், அங்கும் பள்ளிகள் மாநிலங்களின் பொறுப்பாயின. கூட்டாட்சி நாடுகளில் இச்சிக்கல் புதிதன்று என்பதற்கு இது சான்று.

கமிஷன் நாட்டைச் சுற்றிவந்து 1953 ஆகஸ்டில் அறிக்கையை அளித்தது. உயர்நிலைப் படிப்பைப் பதினோராண்டு மேனிலைப் படிப்பாக ஆக்கவேண்டும். பட்டப்படிப்பு மூன்றாண்டாக வேண்டும். ஏட்டுப் படிப்பு ஒன்றே கதியென்றிராமல், கைத்தொழில், விவசாயம், வணிகம் முதலிய பல பிரிவுகள் கொண்ட பல்நோக்குப் பள்ளிகள் தோன்றவேண்டும் என்றது. இடைநிலை முழுவதும் தாய்மொழியோ வட்டார மொழியோ பயிற்றுமொழியாதல் வேண்டும் என்றும், சிறுபான்மை மொழியினர்க்குத் தனி வசதி செய்துதரவேண்டும் என்றும் கூறியது.

இந்த அறிக்கைக்கு நேர்ந்தது என்ன? அது கட்டளையன்று, ஆலோசனை. மத்திய அரசு செலவில் ஒரு பங்கைத் தருவதாகச் சொல்லி மாநிலங்களை அழைக்கலாம், அதற்குமேல் இயலாது. சில மாநிலங்கள் மேனிலைப் பள்ளிகளைத் திறந்தன. பம்பாயில் பதினோராண்டு எஸ்.எஸ்.சி. படிப்பே எழுபதுகளின் நடுப்பகுதிவரை நீடித்தது. தலைவரின் சொந்த மாநிலமாகிய சென்னையோ பழைய எஸ்.எஸ்.எல்.சி.யை வைத்துக்கொண்டு, அதன்மேல் ஓராண்டுப் புகுமுக வகுப்பைக் கல்லூரியில் சேர்த்து, பிறகு மூன்றாண்டுப் பட்டப்படிப்பை அமைத்தது. அதாவது, முதலியார் கமிஷனின் திட்டத்தில் ஒரு பாதியையே முதலியாரின் நாடு ஏற்றது. எனினும் அவர் மனம் சோர்ந்து பதவியை விட்டாரில்லை. மாநிலம் வகுத்த அந்த ஏற்பாட்டையே தம் பல்கலைக்கழகத்தில் நடத்திவந்தார். தாம் சொன்னது முழுமையாக ஏற்கப்படாவிடினும், ஏற்கப்பட்ட பகுதியைச் செம்மையாக நடத்துவதே கடன் என்று வாழ்ந்தார் எனலாம். ஆலோசனை கூறுவோர்க்கு வேண்டிய பண்பு இதுவே.

இக்கோட்டினால் நன்மையா தீமையா என்று கேட்போர் உண்டு. மாநிலத்துக்கு மாநிலம் படிப்பு வேறுபட்டதால், மாற்றலாகிச் செல்லும் ஊழியர்தம் பிள்ளைகள் இடர்ப்பட்டனர் என்பது மெய். 1963-இல் மத்தியப் பள்ளிகள் தோன்றியதற்கு அதுவே காரணம். ஆனால் ஓரிடத்துத் தவறு நாடெங்கும் பரவாமல் காத்ததும் அக்கோடுதான். சென்னை தன் மக்களின் வறுமையைக் கண்டு 1956-இல் மதிய உணவை விரிவாகத் தொடங்கியபோது, தில்லியின் உத்தரவுக்காகக் காத்திருக்கவில்லை.

புறநாட்டில் வாழும் நம்மைப் போன்றோர் நிலை மேலும் நுட்பமானது. 1949-இல் கூடிய மாகாணக் கல்வி மந்திரிகள் மாநாடு ஓர் அளவை வகுத்தது. ஒரு தொடக்கப் பள்ளியில் வேற்றுமொழிக் குழந்தைகள் 40 பேரோ, ஒரு வகுப்பில் 10 பேரோ இருப்பின், அவர்தம் மொழியில் கற்பிக்க ஓர் ஆசிரியரை நியமிக்கவேண்டும் என்பதே அது. 1956-ஆம் ஆண்டு ஏழாம் திருத்தத்தால் 350-அ என்னும் பிரிவு அரசியல் சட்டத்தில் நுழைந்தது. சிறுபான்மை மொழிக் குழந்தைகட்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க மாநிலமும் உள்ளாட்சியும் முயலவேண்டும் என்றும், குடியரசுத் தலைவர் அதற்கு வேண்டிய ஆணைகளைப் பிறப்பிக்கலாம் என்றும் அது கூறுகிறது. மத்தியில் இருப்போர் வழிகாட்டலாம்; வகுப்பறையைத் திறப்பது உள்ளூரார் கையில். மும்பை மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளிகளை நடத்திவருவது இவ்வழியில் நமக்குக் கிடைத்த பேறாகும்.

முதலியார் 1974 ஏப்ரல் 15-இல் இவ்வுலக வாழ்வை நீத்தார். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-இல் இயற்றப்பட்ட 42-ஆம் திருத்தம் கல்வியை மாநிலப் பட்டியலினின்று எடுத்துப் பொதுப்பட்டியலில் வைத்தது. 1977 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. இராதாகிருஷ்ணன் கமிஷன் பல்கலைக்கழகக் கல்விக்கு மட்டும் கேட்டதைவிட மிகுதியாகவே நடந்துவிட்டது. 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி கமிஷன் பெரும்பான்மையினர் அத்தகைய மாற்றத்தை வேண்டாதிருந்தனர் என்பதும் நினைவிற்குரியது. இம்மாற்றத்தின் பயனாக 2009-இல் கட்டாய இலவசக் கல்விச் சட்டத்தை நாடாளுமன்றமே இயற்ற முடிந்தது. இயன்றவரை தாய்மொழியே பயிற்றுமொழியாக வேண்டும் என்று அச்சட்டமும் கூறுகிறது. ஆயினும் 2014-இல் உச்சநீதிமன்றம், தொடக்கப் பள்ளியில் எம்மொழியில் படிப்பது என்பதை அரசு திணிக்கலாகாது, தெரிந்தெடுக்கும் உரிமை பெற்றோருக்கே உரியது என்று தீர்ப்பளித்தது.

அன்பர்களே! பட்டியல்கள் மாறின, திருத்தங்கள் வந்தன. இறுதியில் பொறுப்பு வந்து சேர்ந்த இடம் பெற்றோரின் வாயிற்படி. மத்திய அரசு கட்டளையிட முடியாத இடம் ஒன்று உண்டு. மாநில அரசும் கட்டளையிட முடியாத இடம் அதுவே. ஒரு வகுப்பில் பத்துக் குழந்தைகள் என்னும் கணக்கைத் தில்லியும் நிரப்பாது, சென்னையும் நிரப்பாது. ஆங்கிலப் பள்ளியை நாடுவது தவறென்று நாம் சொல்லவில்லை. பிள்ளைகளின் பிழைப்பை எண்ணியே பலர் அவ்வாறு செய்கின்றனர். ஆனால் தமிழ் வகுப்பில் பிள்ளைகள் குறைந்து, ஆசிரியர் வேறிடம் மாற்றப்பட்ட பிறகு, எந்தச் சட்டப்பிரிவைக் காட்டினும் அவ்வறை மீண்டும் திறப்பது அரிது. தமிழ்வழியில் சேர்க்க இயலாதோர், மாலையிலாவது குழந்தைகளுக்குத் தாய்மொழி எழுத்தைக் கற்பிக்க ஏற்பாடு செய்வார்களாக.

முதலியார் கமிஷன் அரசுகளுக்கு ஆலோசனை கூறியது. அதில் நமக்குரிய பகுதியை நிறைவேற்றும் அதிகாரம் இன்று நம்மிடமே இருக்கிறது. வரும் ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது அதனை நாம் பயன்படுத்துவோமாக.